முனி மேட்டில் கிடைத்த பல்

யாரையும் லேசில் நம்பாத என் அன்பு தேவிகா அக்காவுக்கு,

நம் தோட்டத்து முனியாண்டி கோயிலை வேறு இடத்துக்குக் கொண்டுபோகிறார்கள். இதைக் கேட்டதும் நீ என்ன கேட்பாய் என்று எனக்குத் தெரியும். முதலில், "யார் சொன்னா?" அடுத்து, "அவனுக்கு இதுல என்ன லாபம்?" நானும் அதே வரிசையில்தான் கேட்டேன். நாம் இரண்டு பேரும் ஒரே வயிற்றில் பிறந்தவர்கள் என்பதற்கு வேறு சாட்சி வேண்டாம்.

நீ போய்ச் சேர்ந்து முதல் திவசமும் கொடுத்தாகிவிட்டது. படையலில் உனக்குப் பிடித்த கருவாட்டுக் குழம்பு இருந்தது. என் மனைவி வைத்தாள் என்று சொன்னால் நீ நம்பப்போவதில்லை, அதனால் உண்மையைச் சொல்லிவிடுகிறேன், கடையில் வாங்கியது. ஆனால் நான் எழுத உட்கார்ந்தது குழம்பைப் பற்றி அல்ல. அந்தப் பல்லை முனி மேட்டில் யார் கொண்டுவந்து போட்டார்கள் என்று தெரிந்துவிட்டது அக்கா. கடைசிவரை நீ தேடிய ஆள் அகப்பட்டுவிட்டார்.

பொறு. முறையாகச் சொல்கிறேன். இந்தக் கடிதத்தை உன்னைத் தெரியாதவர்களும் படிப்பார்கள். உன்னைப் பற்றி அவர்கள் காதில் விழுந்திருந்தால் அது தப்பாகத்தான் விழுந்திருக்கும்.

மலேசியாவில் டைனோசரா, அதெல்லாம் சினிமாவில்தான் என்று எல்லோரும் சிரித்துக்கொண்டிருந்த காலத்தில் நீ அதைத் தேடிப் போனாய். சுவா பக்கத்துச் செம்பனைத் தோட்டத்தில் பிறந்த பெண் பல்கலைக்கழகத்துக்குப் போய்ப் பாறைகளைப் பற்றிப் படிக்கிறேன் என்றதும், மார்க் குறைந்தவர்களுக்குக் கொடுக்கிற படிப்போ என்று அப்பா சந்தேகப்பட்டார். நீ சுத்தியலை எடுத்துக்கொண்டு பகாங் காட்டுக்குள் போய்விட்டாய். தோட்டத்தில் உனக்குப் 'பல்லி அக்கா' என்று பெயர் வைத்தார்கள். அந்தப் பெயர் உனக்கு ரொம்பவே பிடித்திருந்தது, வெளியே மட்டும் முறைத்துக்கொள்வாய்.

காட்டில் உன் கூடாரத்தை யானை மிதித்துப் போட்டபோது மரம் ஏற்றும் லாரியில் படுத்துத் தூங்கியவள் நீ. சாலைத் தடுப்பில் போலீஸ்காரர் உன் காரைத் திறந்து, சாக்கு சாக்காகக் கல்லையும் உளியையும் பார்த்துத் தங்கம் கடத்துகிறாய் என்று பிடித்துவைத்தார். நீ அவருக்கு நடத்திய பாடத்தில் அவரே களைத்துப்போய், மகனுக்குக் காட்ட ஒரு டைனோசர் படம் வரைந்து தரச் சொல்லி அனுப்பிவைத்தார். ஆற்றங்கரைப் பாறையிலிருந்து விழுந்து மணிக்கட்டை முறித்துக்கொண்டபோது, மாற்றுக்கு வைத்திருந்த தலைத்துணியை எடுத்து உன் கையை இறுகக் கட்டி, காடு முழுவதும் உன்னைத் திட்டிக்கொண்டே நடத்திக் கூட்டிவந்தவர் பரிதாக்கா.

பரிதாக்காவைச் சொல்லாமல் உன் கதையைச் சொல்ல முடியாது. போர்ட்டிக்சனில் சாப்பாட்டுக் கடை வைத்திருந்த தமிழ் முஸ்லிம் குடும்பத்துப் பெண். படிப்பில் உன் தோழி, வேலையில் உன் பாதி. கல்லுக்குள் இருக்கும் எலும்பை உடைக்காமல் வெளியே எடுப்பதில் அவர் கை, அது எங்கே இருக்கும் என்று மோப்பம் பிடிப்பதில் நீ. மீன் செதில், ஆமை ஓட்டுத் துண்டு, என்னவென்று சொல்ல முடியாத எலும்புச் சில்லு என்று வருஷக்கணக்காக இருவரும் சேர்த்தீர்கள். நீங்கள் தேடியது மட்டும் அகப்படவில்லை.

அது கடைசியில் நம் வீட்டு வாசலில் வந்து நின்றது. திருவிழாவுக்குப் பந்தல் போடக் கோயில் மேட்டின் ஓரத்தில் குழி தோண்டினார்கள். நீயும் பரிதாக்காவும் நின்று பேசிக்கொண்டிருந்தீர்கள். தோண்டிப் போட்ட மண்ணில் எதையோ பார்த்துவிட்டு அவர் குனிந்தார், எடுத்தார், துணியில் துடைத்தார், உன் உள்ளங்கையில் வைத்தார். விரல் நீளத்துக்கு ஒரு பல். கூம்பு மாதிரி, மேலிருந்து கீழாக வரி வரியாக. மீன் தின்னும் டைனோசரின் பல் என்று சொல்லிவிட்டு நீ அழுதாய். பூசாரி ஆறுமுகம் மாமா, உனக்குச் சாமி வந்துவிட்டது என்று நினைத்து விபூதித் தட்டோடு ஓடிவந்தார்.

தலைநகரத்திலிருந்து பாறைகளைப் பற்றிப் படித்த பெரியவர் ஒருவர் வந்து பார்த்தார். பல்லில் ஒட்டியிருந்த செம்மணற்கல்லைச் சுரண்டினார். நம் தோட்டத்துப் பாறையையும் பார்த்தார். அது மிகப் பழைய கடல் சேறு, சூட்டிலும் அழுத்தத்திலும் மாறிப்போன பாறை, அதில் இப்படியொரு பல் இருக்க வழியே இல்லை என்றார். "பல் நிஜம். இடம்தான் பொய்" என்று அவர் சொல்லிவிட்டுப் போன வார்த்தை உன்னைவிட வேகமாக ஊர் சுற்றியது. யாரோ வேறு எங்கிருந்தோ கொண்டுவந்து போட்டிருக்கிறார்கள். யார்? பேர் வாங்க ஆசைப்பட்ட நீதான் என்று பாதிப் பேர் சொன்னார்கள். மீதிப் பேர் சொல்லவில்லை, நினைத்தார்கள்.

நீ போடவில்லை என்பது உனக்குத் தெரியும். அப்படியானால் வேறு யார்? இப்படிப்பட்ட பற்கள் கிடைக்கிற தாய்லாந்தில், தோண்டும் இடத்தில் வேலை பார்த்துவிட்டு அப்போதுதான் திரும்பி வந்திருந்தவர் யார்? குனிந்து எடுத்தவர் யார்? மண்ணில் கிடந்ததை யாரும் படம் எடுக்கவில்லை, அவர் எடுத்துத் துடைத்த பிறகுதான் நீயே பார்த்தாய். நீ பரிதாக்காவை வீட்டுக்கு அழைத்து நேராகக் கேட்டாய், "நீதான் வச்சியா?" அவர் உன்னையே பார்த்துக்கொண்டிருந்தார். டீ கிளாஸைக் கீழே வைத்தார். எழுந்து போனார். பதில் இல்லாததைப் பதிலாக நீ எடுத்துக்கொண்டாய்.

அந்தக் கிளாஸைக் கழுவி வைத்தவன் நான் என்பதால் சொல்கிறேன், அன்றைக்கு நீ ஒரு வாய் சாப்பிடவில்லை.

அதற்குப் பிறகு அவர் கல்லைத் தொடவில்லை. குடும்பக் கடையில் போய் உட்கார்ந்துவிட்டார். நீ மட்டும் தோட்டத்தைச் சுற்றிச் சுற்றித் தோண்டினாய். முனி மேட்டைத் தோண்ட மட்டும் ஆறுமுகம் மாமா விடவில்லை. சாமி உட்கார்ந்திருக்கிற மேடு, கடப்பாறை படக்கூடாது என்றார். ஊரையே எதிர்த்து நின்ற நீ முனியிடம் மட்டும் பயந்தாய். மேட்டை விட்டுவிட்டு மற்ற இடமெல்லாம் தோண்டினாய், உன் இதயம் நின்ற வாரம் வரை.

உன் சாவுக்கும் பரிதாக்கா வந்தார். உள்ளே வரவில்லை, கேட் ஓரமாக நின்றார். தண்ணீர் கொண்டுபோய்க் கொடுத்தேன். கொடுத்துவிட்டு அவர் கைகளையே பார்த்துக்கொண்டு நின்றேன். இவர் முகத்தில் இருப்பது துக்கமா, குற்றமா என்று கணக்குப் பார்த்தேன். என் வேலை அப்படி. கார் இடித்துவிட்டது, மோட்டார் மோதிவிட்டது என்று இன்சூரன்ஸ் கேட்டு வருகிறவர்கள் சொல்வது நிஜமா என்று நசுங்கலைப் பார்த்துச் சொல்கிற ஆள் நான். தெமியாங்கில் என் ஆபீஸுக்குள் யார் நுழைந்தாலும் பொய் சொல்ல வந்தவர் என்றுதான் முதலில் எடுத்துக்கொள்வேன். சாவு வீட்டிலும் அந்தப் பழக்கம் போகவில்லை.

இனிமேல் நடந்ததுதான் உனக்குத் தெரியாதது.

தோட்டத்தை விற்றுவிட்டார்கள். செண்டாயான் மாதிரி இங்கேயும் வரிசை வீடுகள் வரப்போகின்றனவாம். கோயிலுக்குச் சாலை ஓரமாக வேறு துண்டு நிலம் கொடுத்திருக்கிறார்கள். கொடுக்கிறார்கள் என்றதும் எனக்குச் சந்தேகம், சதுப்பு நிலமாக இருக்குமோ என்று மழை நாளில் போய்ப் பார்த்தேன். நல்ல நிலம்தான். கோயில் கமிட்டிக்காரர்கள் ஏன் இத்தனை சீக்கிரம் தலையாட்டினார்கள் என்று அடுத்துச் சந்தேகப்பட்டேன். அதற்கும் காரணம் ஒன்றும் அகப்படவில்லை. சந்தேகப்பட ஆள் தீர்ந்துபோன நிலையில்தான் பிடிமண் எடுக்கும் சடங்குக்குப் போனேன்.

உனக்குத் தெரிந்த சடங்குதான். சாமி இடம் மாறினால் பழைய இடத்திலிருந்து பிடி மண் எடுத்துப் புது இடத்தில் வைக்க வேண்டும், அந்த மண்ணோடு சாமியும் கூடவே வந்துவிடும். கற்பூரம் காட்டிவிட்டு ஆறுமுகம் மாமா முனியின் காலடியில் மண்வெட்டியை வைத்தார். உன்னைத் தொடவிடாத மேட்டை அவரே வெட்டினார். பிடி மண் இல்லை, மூட்டை மூட்டையாக. நான் மெதுவாகப் பக்கத்தில் போய், பிடி மண்ணுக்கு இத்தனை மூட்டை எதற்கு என்று கேட்டேன். மண்ணுக்குள் எதையாவது மறைத்துக் கடத்துகிறார்களோ என்று என் புத்தி ஓடியது.

"பேருதான் தம்பி பிடிமண்ணு," என்றார் மாமா. "முனிக்கு மேடு வேணும்ல. போன தடவ ஒரு லாரி மண்ணு வந்துச்சு. நான் சின்னப் பையன், மண்ணு மேலதான் உக்காந்து வந்தேன்."

"போன தடவன்னா எப்ப மாமா? எங்கேருந்து?"

"பகாவ் தாண்டி, பகாங் எல்லையில. நம்ம பழைய தோட்டம். அத மூடிட்டு எல்லாரையும் இங்க ஏத்தி வுட்டாங்களே, அப்ப. முனி அங்க குன்னு அடியில இருந்தாரு. தொரைக்குத் தெரியாம தட்டுமுட்டுச் சாமானுக்கு அடியில மண்ண ஏத்திட்டோம்."

அக்கா, நான் ஒரு மூட்டையிலிருந்து கைநிறைய மண்ணை அள்ளிப் பார்த்தேன். பகாங் எல்லைக் குன்றுகளில் செம்மணற்கல் இருப்பதைச் சாப்பாட்டு மேசையில் நீ எத்தனை தடவை சொல்லியிருக்கிறாய். சோறு ஆறும்வரை சொல்லியிருக்கிறாய். நமக்குக் கீழே இருந்த பாறையை அத்தனை பேர் ஆராய்ந்தார்கள், அதன் மேல் குவித்திருந்த மேடு எங்கே பிறந்தது என்று ஒருவரும் கேட்கவில்லை. நம் ஊரில் எங்கே திரும்பினாலும் செம்மண்தான், எந்தச் சிவப்பு எந்த ஊர்ச் சிவப்பு என்று யாருக்குச் சந்தேகம் வரும்?

அப்புறம் எனக்குக் கோபம் வந்தது. தோட்டத்தில் ஒரு வீடு விடாமல் நீ போய்க் கேட்டாயே. வெளியிலிருந்து யாராவது கல், எலும்பு, மண் எதையாவது இங்கே கொண்டுவந்தார்களா என்று இதே மாமாவிடம் கேட்டாயே. அன்றைக்கு ஏன் வாயைத் திறக்கவில்லை என்று அவரிடம் கேட்டுவிட்டேன். குரலும் கொஞ்சம் உயர்ந்துவிட்டது.

அவர் மண்வெட்டியைச் சாய்த்து வைத்தார். நிஜமாகவே அவருக்குப் புரியவில்லை.

"மண்ணு எங்க தம்பி கொண்டாந்தோம்? சாமியல்ல கொண்டாந்தோம்."

உன்னிடமும் அதையே நினைத்துக்கொண்டுதான் இல்லை என்று தலையாட்டியிருக்கிறார். நம் அப்பாவும்தான். அவர்கள் ஒருவரும் பொய் சொல்லவில்லை. லாரியில் வந்தது மண் என்று அவர்கள் மனதில் பதியவே இல்லை. நீயும் அதே ஜனத்தில் பிறந்தவள்தான், ஆனாலும் மண்ணைக் கேட்டாயே தவிர, சாமி எங்கிருந்து வந்தது என்று கேட்கவில்லை. சாமி எப்போதும் இங்கேயே இருக்கிறது என்றுதான் நாம் இரண்டு பேரும் நினைத்து வளர்ந்தோம்.

உடனே நம்பிவிட்டேன் என்று நினைக்காதே. பழைய தோட்டத்திலிருந்து வந்தவர்களில் உயிரோடு இருப்பவர்களைத் தேடி, ஒருவர் வீட்டுக்குப் போவது இன்னொருவருக்குத் தெரியாமல் தனித்தனியாக விசாரித்தேன். எல்லோரும் அந்த லாரியைச் சொன்னார்கள். ஒருவர் பச்சை லாரி என்றார், இன்னொருவர் நீலம் என்று சத்தியம் பண்ணினார். எனக்கு அங்கேதான் நம்பிக்கை வந்தது. சொல்லிவைத்துப் பொய் சொல்கிறவர்கள் என்றால் லாரியின் நிறம் வரை ஒத்துப்போயிருப்பார்கள்.

பகாவ் தாண்டிப் போய் இடத்தையும் பார்த்தேன். பழைய லயத்து வீடுகள் இல்லை, எல்லாம் செம்பனை. குன்றின் அடியைச் சீவி லாரிப் பாதை போட்டிருக்கிறார்கள். சீவிய இடத்தில் பாறை சிவப்பாகத் தெரிகிறது. முன்னால் நின்று வெகுநேரம் பார்த்தேன். எனக்குக் கல்தான் தெரிந்தது. காரின் நசுங்கலைப் படிக்கத் தெரிந்தவனுக்குக் குன்றைப் படிக்கத் தெரியவில்லை. படிக்கத் தெரிந்த இரண்டு பேரில் ஒருத்தி நீ. இன்னொருவர் போர்ட்டிக்சனில் கல்லாவில் உட்கார்ந்திருக்கிறார்.

போனேன். மதியக் கூட்டம் கலைகிற நேரம். எனக்கு நுரை பொங்க ஆற்றிய தே தாரேக் டீ போடச் சொல்லிவிட்டு எதிரில் உட்கார்ந்தார். தலை முழுக்க நரைத்துவிட்டது என்று நினைக்கிறேன், துணியின் ஓரத்தில் தெரிந்தவரைக்கும் வெள்ளைதான். முனி, மேடு, லாரி, பழைய தோட்டம் என்று எல்லாவற்றையும் சொன்னேன். சந்தோஷப்படுவார் என்று எதிர்பார்த்தேன். அவர் முகம் கல்லாக இருந்தது.

"இப்ப நீ என்னைய நம்புறியா தம்பி, இல்ல அந்த மண்ண நம்புறியா?" என்றார்.

நீ இருந்திருந்தால் என்ன சொல்லியிருப்பாய்? இந்த ஒரு கேள்விக்காகவாவது நீ இன்னும் கொஞ்ச நாள் இருந்திருக்கலாம்.

அன்றைக்கே ஏன் இல்லை என்று ஒரு வார்த்தை சொல்லவில்லை என்று கேட்டேன். "அவ கேட்டதுக்கு அப்புறம் சொல்றதுக்கு என்னலா இருக்கு," என்றார். அப்புறம், உன் மணிக்கட்டு மழைக் காலத்தில் வலிக்குமே, கடைசிவரை வலித்ததா என்று கேட்டார். வலித்தது என்றேன். கண்ணைத் துடைத்துக்கொண்டு கல்லாவுக்குத் திரும்பிவிட்டார். மறுநாள் அவரே போன் பண்ணி, எப்போது போகிறோம் என்று கேட்டார்.

மழை ஓய்ந்த ஒரு காலையில் கூட்டிப்போனேன். குன்றடியில் இறங்கியதும் காலணியைக் கழற்றிவிட்டுப் பாறை ஓரமாக நடந்தார். பழைய முனி இருந்த இடம் என்று நான் சொல்லியிருந்தேன், அதற்காகக் கழற்றினாரோ, பிடிப்புக்காகவோ, கேட்கவில்லை. மெதுவாக நடந்தவர் ஓர் இடத்தில் நின்றார். நின்றபடியே இரண்டு கைகளையும் முதுகுக்குப் பின்னால் கொண்டுபோய், ஒரு கையால் இன்னொன்றை இறுகப் பிடித்துக்கொண்டார்.

"தம்பி, இங்க வா. என் காலுக்கு நேரா பாரு."

பார்த்தேன். சிவந்த கல்லுக்குள் பழுப்பாக ஒரு வளைவு. கொஞ்சம் தள்ளி இன்னொன்று. எலும்பா என்றேன். ஆமாம் என்று தலையசைத்தார். பெரியதா என்றேன். சிரிக்கவும் இல்லை, அழவும் இல்லை. அவருடைய தோள்கள் மட்டும் ஆடின. எடுத்துப் பாருங்கள், தொட்டுப் பாருங்கள் என்று நான் சொன்னபோது ஓர் அடி பின்னால் நகர்ந்துவிட்டார்.

"நான் தொட மாட்டேன். நீயே படம் எடு, நீயே ஆளுங்கள கூப்பிடு. நான் தொட்டா, அப்புறம் நான்தான் வச்சேன்னு சொல்லுவாங்க."

அக்கா, தொட்டால் கல்லும் வழிவிடும் என்று நீ பெருமையாகச் சொல்வாயே, அந்தக் கையை இத்தனை வருஷமாக அவர் பின்னால் கட்டி வைத்திருக்கிறார். கட்டியது யார் என்று உனக்கும் தெரியும், எனக்கும் தெரியும். உன்னைத் திட்ட வேண்டும் போல இருந்தது. உன்னைப் பார்க்க வேண்டும் போலவும் இருந்தது.

எதையும் அசைக்காமல் எல்லாப் பக்கமும் படம் எடுத்து, தோட்டத்து நிர்வாகத்துக்கும் அரசாங்கத்தில் சொல்ல வேண்டியவர்களுக்கும் சொல்லிவிட்டேன். அடுத்த வாரம் வருகிறார்கள். அந்தத் தலைநகரத்துப் பெரியவரும் தடியூன்றிக்கொண்டாவது வருவாராம். இடையில் யாராவது வந்து பெயர்த்துவிடுவார்களோ என்று தோட்டத்துக் காவலாளியிடம் சொல்லி வைத்திருக்கிறேன். காவலாளி மேலும் எனக்குச் சந்தேகம் இருப்பதால் நாள்தோறும் போன் பண்ணுகிறேன். நம் முனி மேட்டு மண்ணையும் நான் சலித்துப் பரிதாக்காவிடம் காட்ட ஆறுமுகம் மாமா சம்மதித்துவிட்டார். ஒரு கைப்பிடி குறையாமல் திருப்பித் தர வேண்டும் என்று மட்டும் சொன்னார்.

உன் மேல் இருந்த பழி இனி நிற்காது அக்கா. நீ கண்டது நிஜம், இடமும் பொய் இல்லை, அது லாரி ஏறி வந்த இடம். தேடிய ஆள் அகப்பட்டுவிட்டார் என்றேனே, அது நம் முனியாண்டிதான். அவரைக் கும்பிட்டுவிட்டுத்தானே ஒவ்வொரு பயணமும் கிளம்பினாய்.

உனக்கு ஒரு வாக்குக் கொடுக்கிறேன். அடுத்த வாரம் அந்தக் குன்றடியில் அத்தனை பேரும் கேமராவோடு நிற்பார்கள். நானும் இருப்பேன், என் வழக்கப்படி ஒவ்வொருவரையும் சந்தேகத்தோடு பார்த்துக்கொண்டு, பரிதாக்காவை மட்டும் விட்டுவிட்டு. முதல் எலும்பை எடுக்கிற நேரம் வரும்போது உன் சுத்தியலை அவரிடம் நீட்டுவேன். எல்லோரும் பார்க்க அவர் அதைத் தன் கையால் எடுக்கும்வரை, வேறு யாரையும் அந்தக் கல்லைத் தொட விடமாட்டேன்.

உன் சந்தேகத்தில் சரிபாதி வாங்கிப் பிறந்த
தம்பி குமரன்